சோணை நிறுத்திய ரயில் பெட்டி

ஒக்கூர் சோணைக்கு நான் ஒரு லட்சத்து எட்டாயிரம் ரூபாய் தரவேண்டியிருந்தது. நூற்றிருபது நாள் வேலை, நாளுக்குத் தொள்ளாயிரம். கணக்கில் சண்டை கிடையாது. பணமும் தயாராக இருந்தது. வாங்கத்தான் ஆள் வரவில்லை. காரைக்குடியில் நாற்பத்தைந்து வருடமாகப் பழைய இரும்பு வியாபாரம் செய்கிறேன். பணத்தைக் கேட்டு வாசலில் நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "இப்ப வேணாம்" என்று சொன்ன கூலிக்காரனை அப்போதுதான் பார்த்தேன்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரு தராசும் வாடகை சைக்கிளுமாகத் தொடங்கி, இன்று இரண்டு லாரி, மூன்று குடோன். எனக்குக் கணக்கு எழுதும் இருவரும் எம்.காம். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொன்னாலும் தப்பில்லை, நான் சம்பாதித்த பெருமைதானே.

சோணைக்கு அந்த மூன்றாம் வகுப்பும் இல்லை. ரயில்வேயில் முப்பத்தெட்டு வருடம் பெட்டிகளுக்கு அடியில் படுத்து மரை முடுக்கியவன், கடைசியில் மேஸ்திரி ஆனான். சென்னைக்குப் போன ஒவ்வொரு மீட்டர் கேஜ் பெட்டியின் அடிவயிறும் அவனுக்குத் தெரியும், சென்னை தெரியாது. எழுத வந்தது தன் பெயர் மட்டும். பிரேக் பிடிக்காத பெட்டியை ஓட்டலாம் என்று அதையும் எழுதிக் கொடுக்க மாட்டான். அதிகாரிகள் கத்தியிருக்கிறார்கள், இடம் மாற்றியிருக்கிறார்கள். போன இடத்திலும் எழுதவில்லை.

மீட்டர் கேஜ் போனபோது, ரயில் கார்டு உட்காரும் அறையோடு சேர்ந்த ஒரு மரப்பெட்டியை ஏலத்தில் எடுத்து என் குடோனில் போட்டிருந்தேன். பதினேழு வருடம் கழித்து அதற்கு யோகம் வந்தது. வீட்டை ஓட்டலாக மாற்றிய உமையாள் ஆச்சிக்குத் தோட்டத்தில் ஒரு ரயில் பெட்டி வேண்டுமாம். விருந்தாளிகள் அதில் உட்கார்ந்து காபி குடிப்பார்களாம். "பழமை மாறாம இருக்கணும் சேவுகப்பெருமாள்" என்றார்கள். அதைச் சரிபார்க்கச் சென்னையிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். மூன்று படம் வரைந்தார், துருவும் வரலாறுதான் என்றார், என் பெட்டி விலையில் பாதியை வாங்கிக்கொண்டு போனார். துரு வரலாறு என்றால் காரைக்குடியிலேயே பெரிய சரித்திரப் பேராசிரியர் நான்தான்.

வம்பு என்னவென்றால், அந்தப் பெட்டியிலிருந்த ஜன்னல் பலகை, பித்தளைக் கொக்கி, சாமான் தட்டு எல்லாவற்றையும் நான் எப்போதோ கழற்றிப் பழம்பொருள் கடைகளுக்கு விற்றிருந்தேன். பெட்டியைப் பழையபடி ஆக்க நான் கூலிக்கு அமர்த்திய சோணை, இல்லாததை வாய்ப்பாடு மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் கடை கடையாகப் போய் இருபது மடங்கு விலைக்குத் திருப்பி வாங்கினேன். எல்லாம் வந்து சேர்ந்தது. கார்டு அறையில் கைபிரேக்கைச் சுற்றும் இரும்புச் சக்கரம் மட்டும் வரவில்லை. யாரிடம் விற்றேன் என்று எனக்கே நினைவில்லை.

பெட்டியை ஆச்சி தோட்டத்தில் தண்டவாளத்தில் ஏற்றி நிறுத்தினோம். மழைத்தண்ணீர் ஊருணிக்கு ஓட வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே தோட்டம் முழுக்கச் சரிவாக அமைத்திருந்தார்கள். சரிவின் முடிவில் சாப்பாட்டு அறையின் கண்ணாடிச் சுவர். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து வைத்தோம். ஆச்சி என் கணக்கை முடித்துவிட்டார்கள். சோணை முடிக்கவில்லை.

ஆவணி கடைசியில் அவன் மனைவி ராக்காயி தோட்டத்துக்கே வந்துவிட்டாள். அவளுடைய சங்கிலி அடகில் இருந்தது. இன்னும் மூன்று நாளில் ஏலம்.

"அண்ணே, நீங்க குடுக்கலையா, இவுக வாங்கலையா?"

"நான் குடுக்குறேன் தாயி. ஓம் புருசனுக்குத்தான் கை நீள மாட்டேங்குது."

பெட்டிக்கு அடியிலிருந்து சோணையின் குரல் வந்தது. "பெட்டி நிக்கட்டும், வாங்குறேன்."

"நின்னுக்கிட்டுத்தான இருக்கு."

"கட்டையில நிக்கிது. பிரேக்குல நிக்கல."

"கட்டையிலயாச்சும் நிக்கிதே. எஞ் சங்கிலிக்கு அடகுக்கடையில கட்டை குடுக்க ஆளில்ல."

சோணை வெளியே வந்தான். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று ஓட்டலுக்குள் நடந்தான். நூற்றிருபது நாளில் அன்றுதான் முதல் தடவையாக உள்ளே போகிறான். வெகுநேரம் வராததால் நாங்களும் போனோம்.

வரவேற்பறைச் சுவரில் ஒரு பெரிய சக்கரம் தொங்கியது. சுற்றிலும் கடைந்த மரக் கைப்பிடிகள் எட்டு. கீழே பித்தளைத் தகட்டில், 'பர்மா சென்ற கப்பலின் சுக்கான்'. வெள்ளைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கடலையே கடப்பதுபோல் படம் எடுத்துக்கொள்வார்கள். சோணை அதன் பின்பக்கம் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தான்.

"சேவுகு, இந்தக் கப்பல் கார்டு ரூமுக்குள்ள ஓடுனது. பின்னால அம்புக்குறி இருக்கு பாரு, பிரேக் இறுக்குற பக்கம்."

பார்த்தேன். அச்சில் வார்த்த அம்புக்குறி. உடனே எல்லாம் நினைவுக்கு வந்தது. நானூறு ரூபாய்க்கு விற்றது. எட்டுக் கைப்பிடியும் கடைக்காரன் கைவேலை.

அதற்குள் உமையாள் ஆச்சி வந்துவிட்டார்கள். "என்ன தடவுறீக? எங்க அப்பச்சி போன கப்பலு அது. நாப்பத்தஞ்சாயிரம் குடுத்துத் தேடிப் புடிச்சேன்."

சும்மா இருந்திருக்கலாம். என் கணக்குத்தான் முடிந்துவிட்டதே. ஏமாந்த ஆச்சி, ஏமாற்றிய கடைக்காரன், நடுவில் நான் வாயைத் திறந்தால் என் பெயர்தான் நாறும். ராக்காயி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆச்சி, அதைக் கடைக்கு வித்தது நான்தான். இந்தப் பெட்டியில கழட்டுனது" என்றேன்.

ஆச்சி சுவரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "எம்புட்டுக்கு?"

"நானூறு."

இந்த ஊரில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. "வேற ஒண்ணு லேத்துல செஞ்சு மாட்டுங்களேன்" என்றார்கள்.

"பழமை மாறாமன்னு சொன்னீக" என்றான் சோணை. "செஞ்சும் மாட்டலாம் ஆச்சி. ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் கட்டைதான். எவனாச்சும் ஒருநாள் கட்டையை எடுப்பான். காபி குடிக்கிறவுகளோட பெட்டி ஒங்க சாப்பாட்டு ரூமுக்கு வரும்."

ஆச்சி கண்ணாடிச் சுவர் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். ஏணி கொண்டுவரச் சொன்னார்கள்.

மரக் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு, மறுநாள் காலை சக்கரத்தைக் கார்டு அறையில் ஏற்றினோம். புதுவயல் அரிசி ஆலையிலிருந்து மூட்டை தூக்குகிறவர்கள் பன்னிரண்டு பேரைக் கூட்டிவந்தேன். சோணை உள்ளே ஏறினான். கட்டையை எடுத்ததும் அவர்கள் தள்ளினார்கள். பத்துப் பன்னிரண்டு அடிக்குமேல் தள்ள வேண்டியிருக்கவில்லை. பெட்டி தானாகவே இறங்கத் தொடங்கியது. சாப்பாட்டு அறைக்குள் இட்லி தின்றுகொண்டிருந்தவர்கள் தட்டோடு எழுந்தார்கள். சோணை அவசரப்படவில்லை. சக்கரம் சுற்றுவது தெரிந்தது, அடியில் கிறீச்சென்று ஒரு சத்தம். கண்ணாடிக்கு ஆறடி முன்னால் பெட்டி நின்றது. நின்றது நின்றதுதான். பன்னிரண்டு பேர் தள்ளியும் அசையவில்லை.

அந்த எட்டு மரக் கைப்பிடிகள் இன்னும் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. 'கப்பல் சுக்கானின் கைப்பிடிகள்' என்று தகடும் உண்டு. அதுவாவது கப்பலில் வந்தது என்று நம்பும் ஆச்சியிடம், அதுவும் கடைக்காரன் கடைந்தது என்று யார் சொல்வது. நான் ஒருமுறை சொன்னதே போதும்.

அன்று பெட்டி நின்றதும் சோணை இறங்கி வந்தான். நான் பணத்தை எடுத்தேன். கை முழுக்கக் கிரீஸ் என்று விரித்துக் காட்டினான். ராக்காயி முந்தானையில் துடைத்துக்கொண்டு தன் கையை நீட்டினாள். ஐந்நூறு ரூபாய்த் தாள்களாக வாய்விட்டு எண்ணி வைத்தேன். இருநூற்றுப் பதினாறாவது தாள் விழுந்த பிறகுதான் அந்தக் கை மூடியது.