கனடாவிலிருந்து வழி சொன்னவர்

யுத்தம் உச்சத்தில் இருந்த வருடங்களில் நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் வேலை செய்தேன். தண்ணீர் தூக்குவது, கட்டில் விரிப்பு மாற்றுவது, சிங்களம் தெரியாத யாழ்ப்பாணத்து ஆட்களோடு அரசாங்கக் கந்தோர்களுக்குத் துணையாகப் போவது, இவைதான் வேலை. எட்டாம் வகுப்போடு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டு, புத்தளம், மன்னார், திருகோணமலை என்று கிடைத்த லொறியில் ஏறி அலைந்தவன் நான். அப்போது அலைய முடியவில்லை. தமிழர்களான நாங்கள் பொலிஸில் எந்த விலாசத்தைப் பதிந்தோமோ அங்கேதான் கிடக்க வேண்டும். வேறு தெருவில் பிடிபட்டால் ஏன் வந்தாய் என்று கேட்பார்கள். சும்மா வந்தேன் என்று சொன்னால் ஜீப்பில் ஏற்றுவார்கள்.

மேல்மாடி அறையில் ஒரு அக்கா தங்கியிருந்தார். பருத்தித்துறைப் பக்கம். கலியாணம் முடிந்த கையோடு கணவர் கனடாவுக்குத் திரும்பிவிட்டார். அவரிடம் போவதற்கான நேர்முகத்துக்குத் தூதரகம் திகதி கொடுத்திருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்த திகதி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அக்கா கதவைப் பூட்டிக்கொண்டு கலியாண அல்பத்தின் படங்களைத் திரும்பத் திரும்ப ஒழுங்குபடுத்துவார். உண்மையான கலியாணமா என்று கேட்பார்களாம்.

கணவர் அந்த நாட்களில் கம்ப்யூட்டரில் ஒரு வரைபடத்தைக் கண்டுபிடித்திருந்தார். ஆகாயத்திலிருந்து எடுத்த படம், இழுத்தால் நகரும், அழுத்தினால் கிட்ட வரும். லொட்ஜிலிருந்து தூதரகம் வரைக்கும் அதன்மேல் சிவப்புக் கோடு போட்டு, மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார். பக்கத்துக் கொமினிகேஷன் கடையில் கலரில் அடித்து வாங்கிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் எனக்கும் அதைத் திறந்து காட்டினார். துறைமுகத்தில் கப்பல்கள் அரிசி மாதிரிக் கிடந்தன. எங்கள் லொட்ஜின் தண்ணீர்த் தாங்கி தெரிந்தது. கம்ப்யூட்டர் எலியைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தேன், பதுளை வந்தது. இன்னொரு இழுவையில் மன்னார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நான் ஊர் சுற்றினேன்.

நேர்முகத்தன்று வெள்ளனவே ஓட்டோவில் புறப்பட்டோம். பாதி வழியில் யாரோ பெரியவர் போகிறார் என்று பிரதான பாதையை மூடிவிட்டார்கள். ஓட்டோக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்தார். அக்காவின் போன் அடித்தது. கனடாவில் அப்போது இரவு. மனுசன் நித்திரை கொள்ளாமல் படத்துக்கு முன்னால் இருந்திருக்கிறார்.

"எங்க நிக்கிறியள்?"

அக்கா பக்கத்துக் கடைப் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"ஆ, கண்டிட்டன். இடப்பக்கம் ஒரு ஒழுங்கை இருக்கு. அதால விழுந்தால் மற்ற றோட்டுக்கு நேர போகலாம். இறங்கி நடவுங்கோ."

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, போவமே?"

"கடையில நானும் பாத்தேங்க அக்கா. ஒழுங்கை இருக்குங்க. போயிரலாம்."

ஒழுங்கை இருந்தது. மரங்களும் மதில்களுமாக அமைதியாக வளைந்து போனது. வளைவு தாண்டியதும் தகரம் அடித்து மறித்திருந்தார்கள். மண் மூட்டைகள், தார்ப் பீப்பாய்கள், அவற்றுக்கு நடுவே ஒரு துவக்குக் குழல். திரும்பலாம் என்று நினைப்பதற்குள் சிப்பாய் கையைக் காட்டிக் கூப்பிட்டான்.

அடையாள அட்டைகளைப் பார்த்தான். அக்காவின் பொலித்தீன் பையைக் கவிழ்த்தான். பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் பதிவுத் துண்டு, அல்பம். கடைசியில் அந்தப் படம்.

"மே மொகக்த?"

இது என்ன என்று கேட்டான். நான் சிங்களத்தில் சொல்லத் தொடங்க, அவன் உள்ளே போய் அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அதிகாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, விரலை ஒரு கூரையில் வைத்துச் சிங்களத்தில் கேட்டார்.

"இது எங்கட முகாம். இந்தச் சிவப்புக் கோட்டை யார் கீறினது?"

"இவங்களோட புருசன், மாத்தயா. கனடாவில இருக்காரு."

"கனடாவில இருக்கிறவன் எப்படி எங்கட கூரையைப் பார்த்தான்?"

"மேல, வானத்தில ஒன்னு சுத்துதுங்க."

"அதை யார் மேல விட்டது?"

"தெரியாதுங்க."

அவர் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. சத்தமாகப் போடச் சொன்னார். கணவரின் குரல் ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

"ஏன் நிண்டிட்டியள்? இன்னும் கொஞ்சத் தூரம்தான். வலப்பக்கம் ஒரு பெரிய கட்டடம் தெரியுதோ? பின்னால வாகனங்கள் கனக்க நிக்கும். அதைத் தாண்டி..."

"ஐயோ, வையுங்கோ போனை!" என்று அக்கா கத்தினார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "என்ன சொன்னான்?"

பொய் சொல்லலாம். ஆனால் அவர்களில் யாருக்குத் தமிழ் விளங்கும் என்று எனக்குத் தெரியாது. சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். எல்லோரும் வலப்பக்கம் பார்த்தார்கள். பெரிய கட்டடம் இருந்தது.

பிறகு ஜீப் வந்தது. பொலிஸ் நிலையத்தில் மர வாங்கில் இருந்தோம். போனை எடுத்துவிட்டார்கள். நேர்முக நேரம் வந்ததும் அக்கா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு அதைப் பார்க்கவில்லை. ஒரு பெண் பொலிஸ் அல்பத்தைப் புரட்டி, சேலை நல்ல வடிவு என்று சிங்களத்தில் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். அக்கா தலையை ஆட்டினார். பின்னேரம் லொட்ஜ் முதலாளி வந்து, எங்களைத் தனக்குத் தெரியும் என்று கையெழுத்து வைத்தார். எல்லாவற்றையும் திருப்பித் தந்தார்கள், படத்தைத் தவிர.

அறைக்கு வந்த உடனே போன் அடித்தது, அக்கா நடந்ததைச் சொன்னார். நான் வாசலில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றேன்.

"படத்தில ஒழுங்கை திறந்துதானே கிடக்கு. நீங்கள் வேற ஒழுங்கையால போயிருப்பியள்."

"அதே ஒழுங்கைதான்."

"எனக்கு இப்பவும் வடிவாத் தெரியுது. ஒரு தகரமும் இல்லை."

"அப்ப நீங்கள் வந்து அதால நடவுங்கோவன்."

அவர் அழுவது வாசலில் நின்ற எனக்கும் கேட்டது. ஒவ்வொரு இரவும் வேலை முடிந்து வந்து லொட்ஜின் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

"பாக்காதையுங்கோ," என்றார் அக்கா. "ஆர் பாக்கிறது எண்டு கேட்டால் திரும்பவும் நான்தான் பதில் சொல்ல வேணும்."

அடுத்த நாள் பிரதான பாதையால் பஸ்ஸில் போனோம். சோதனைச் சாவடிகளில் எல்லாம் இறங்கி, வரிசையில் நின்று, ஏறினோம். தூதரக வாசலில் நின்ற காவலாளி வேறு திகதி கேட்டு அக்கா எழுதிய கடிதத்தை உள்ளே கொடுத்துவிட்டு வந்து சிங்களத்தில் சொன்னான்.

"விலாசத்துக்குக் கடிதம் வரும், போய் இருங்க."

"எப்ப வரும்?" என்று என்னைக் கேட்கச் சொன்னார் அக்கா. கேட்டேன். அவன் எங்களுக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டான்.