நடுக்கோடு

என் மடிக்கணினியில் எஃப்-டூ விசையின் எழுத்து மட்டும் பாதி அழிந்திருக்கிறது. அதை அழுத்தினால், நான் எழுதிய ஃபில்டர் விளையாட்டின் மேல் வந்து படியும். இன்னொரு முறை அழுத்தினால் போய்விடும். சின்னச் சின்னச் சதுரங்களை அடுக்கி நான் வரைந்த படம் பழைய பெட்டி டிவியில் ஓடுவதுபோல் மாறும். திரைமுழுக்க மெல்லிய கறுப்பு வரிகள், விளக்கைச் சுற்றிக் கசியும் வெளிச்சம், கண்ணாடி உப்பியதுபோல ஓரங்களில் ஒரு வளைவு. எதற்கு இதெல்லாம் என்று கேட்டவர்களை நான் சும்மா விட்டதில்லை. அந்தக் காலத்தில் வரைந்தவர்கள் சதுரத்தையா வரைந்தார்கள், சதுரங்கள் கசிந்து கலந்தபின் தெரியும் முகத்தையல்லவா வரைந்தார்கள், அதைக் கூர்மையான திரையில் காட்டுவதுதான் பொய் என்று மூச்சுவிடாமல் பேசுவேன். இத்தனைக்கும் நான் பெட்டி டிவியில் ஒருநாளும் விளையாடியதில்லை. பார்த்தே இராத ஒரு மங்கலுக்காகத்தான் அவ்வளவு வாதாடினேன்.

விளையாட்டு, கம்பம்மெட்டு மலைச்சாலையில் ஜீப் ஓட்டுவது. அதற்குக் கிடைத்த முதல் ஆட்டக்காரர் என் சித்தப்பா. கம்பத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு வரும் பெண்களைக் காலையில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலையேறுவதும் சாயங்காலம் கொண்டுபோய் இறக்குவதும்தான் அவர் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வருவார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், சித்தி அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து இன்னொரு பழம்பொரியை எடுத்துக்கொண்டு என் நாற்காலியில் வந்து உட்காருவார். முதல்நாள் விளையாடியபோது வளைவுக்கு வளைவு ஹாரனைத் தேடினார். நான் ஹாரனே வைக்கவில்லை. "ஆரன் இல்லாம எந்தக் கிறுக்கன் இந்த ரோட்டுல வண்டி எடுப்பான்?" என்று கேட்டு அன்றைக்கே வைக்கச் செய்தார். ஜீப்பில் வரும் பெண்கள், இங்கிட்டு ஓட்டுறது பத்தாதுன்னு அங்கிட்டும் ஓட்டுறீகளாக்கும் என்று கிண்டல் செய்வதை அவரே பெருமையாகச் சொல்லிச் சிரிப்பார்.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு, திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனார். "ஏ புள்ள, ரோட்டு நடுக்கோடு நெளியுதே?"

"அது ஃபில்டர் சித்தப்பா. பழைய டிவி அப்படித்தான இருக்கும்."

நான் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. அடுத்த வளைவில் மூடுபனி சரியான நேரத்தில் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு ஓட்டினார். பிறகு வந்த ஞாயிறுகளிலும் ஓட்டினார், அடிக்கடி பள்ளத்தில் விழுந்தார், வயசாயிடுச்சு என்று நான் கேலி செய்தேன். ஒருநாள் எழுந்து போகும்போது, "நெசமான ரோடும் இப்பல்லாம் ஒன் ஃபில்டரு போட்டாப்லதான் இருக்கு" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இந்த மலையில் ஜீப் ஓட்டுகிறவர் வாயிலிருந்து வந்த பாராட்டு! அதை அப்படியே விளையாட்டின் இணையப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டேன். இன்னொரு தடவை, தேனிக்குப் போய்க் கண்ணைக் காட்டச் சொல்லிச் சித்தி நச்சரித்தபோது, எல்லாம் புள்ளையோட கேமைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தார். நானும் ஆமாம் என்றேன். ரொம்ப நேரம் திரையைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் என்று சேர்த்துச் சொன்னேன்.

பிறகு ஒரு ஞாயிறு, ஃபில்டர் இல்லாத படம் வேண்டுமென்று யாரோ கேட்டிருந்ததால் அதை எடுத்துவிட்டுப் படம்பிடித்து முடித்திருந்தேன். திரும்பப் போட மறந்துவிட்டேன். சித்தப்பா வந்து உட்கார்ந்தார். திரை கத்திமுனைபோல் இருந்தது. "இன்னைக்கு நெளிவு சாஸ்தியா வச்சிருக்க போல" என்றார். நான் எஃப்-டூவை அழுத்தினேன், எடுத்தேன், மறுபடி அழுத்தினேன். இப்ப? இப்ப? என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு என்றார்.

என் ஃபில்டர் ஓரங்களை மட்டும்தான் வளைக்கும். நடுவில் ஒரு கோட்டைக்கூட அது அசைக்காது. அந்தக் கணக்கை வரி வரியாக எழுதியவள் நான். அவர் மழை விட்ட அந்த ஞாயிறே நடுக்கோடு என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்.

தேனி ஆஸ்பத்திரியில், சர்க்கரையால் விழித்திரையின் நடுப்பகுதி வீங்கியிருக்கிறது என்றார்கள். கண்ணுக்குள் ஊசி போட்டு இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது வராது, கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டபோது சித்தப்பா என் பெயரைச் சொல்லவே இல்லை. ஜீப் வேறு ஆள் கைக்குப் போனது. அத்தனை நாளும் நெளிகிற சாலையில், ஜீப் நிறையப் பெண்களோடு அவர் இறங்கியிருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை என்பது என் சாமர்த்தியமல்ல. அந்தப் பெண்களில் ஒருவரைக் கம்பம்மெட்டு டீக்கடையில் பார்த்தேன். விஷயம் தெரிந்திருந்தது. கோபமே இல்லாமல், டீயை ஆற்றிக்கொண்டே, "ஒன் கேமுல விழுந்தா மூணு உசுரு உண்டாமே தாயி" என்றார். "எங்களுக்கு ஒண்ணுதான் இருந்துச்சு." வீட்டுக்கு வந்து இணையப் பக்கத்திலிருந்து அந்தப் பாராட்டை எடுத்தேன். எடுத்துவிட்டால் மட்டும்?

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். சித்தி கையைப் பிடித்து அழைத்து வருகிறார். போன வாரம் உட்கார்ந்ததுமே ஃபில்டர் இருக்கா என்று கேட்டார். எடுத்துவிட்டேன், இனி யாருக்கும் தானாக வராது என்றேன்.

"போடு புள்ள. எனக்கு எப்படியும் நெளியத்தான் போகுது. அது இருந்தா ஒனக்கும் கொஞ்சம் நெளியும்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கையால் துழாவி ஹாரன் விசையைக் கண்டுபிடித்து ஒருமுறை அடித்தார்.

பாதி அழிந்த அந்த விசையை அழுத்தினேன். வரிகள் வந்தன, வெளிச்சம் கசிந்தது, ஓரத்து மலைகள் வளைந்தன. நடுக்கோடு எனக்கு நேராகத்தான் இருந்தது.