சங்கப் பக்கத்தில் வராத என் பதக்கம்

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் என் செய்தியை மறைத்தார். கணினிதான் மறைத்தது என்று எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பல் முழுக்கச் சொல்லித் திரிகிறார். பொய்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் குறி பார்த்துச் சுடுபவள். காற்றுத் துப்பாக்கி, பத்து மீட்டர் தூரத்தில் ஒரு காகித வட்டம், அவ்வளவுதான். அலுவலகத்தில் கூட வேலை செய்யும் பிரெஞ்சுக்காரி ஒருத்தி தன் கிளப்புக்குக் கூட்டிப்போனாள். வைத்தியர் கையெழுத்துப் போட்டார், லைசன்ஸ் கிடைத்தது. துப்பாக்கி கிளப் அலுமாரியில் பூட்டியே இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவர எனக்கு ஆசையும் இல்லை. மூச்சை அடக்கி விரலை மெல்ல அழுத்தும்போது வாடகையும் நினைவில் இல்லை, மாமியாரும் நினைவில் இல்லை. முடிந்ததும் எல்லோரும் கோப்பி குடிப்போம். இந்த வயதில் இப்படி ஒரு சுகம் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கணவர் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு, "இனி உம்மோடை சத்தம் போட்டுக் கதைக்க ஏலாது" என்றார். இப்போது அவர்தான் காரில் கொண்டுபோய் விடுகிறார்.

அண்மையில் ஒரு போட்டியில் வெண்கலப் பதக்கம் வாங்கினேன். சங்கத்தின் இணையப் பக்கத்தில் பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு, சோதனைப் பாஸ், கார் லைசன்ஸ் எல்லாவற்றுக்கும் வாழ்த்து வரும். நானும் எழுதிப் போட்டேன். வரவில்லை. திரும்பப் போட்டேன். அதுவும் வரவில்லை. துப்பாக்கி என்ற சொல் இருந்தால் பக்கம் தானாகவே தடுத்துவிடும் என்று விசாரித்ததில் தெரிந்தது. அதே பக்கத்தில் இரண்டு கையிலும் துப்பாக்கியோடு ஒரு சினிமாக் கதாநாயகன் நிற்கிறான். அது படம், சொல் இல்லை, அதனால் தப்பிவிட்டது.

செயலாளருக்கு மார்க்ஸ் டோர்மோய் தெருவில் போன் கடை. நேரே போனேன்.

"அக்கா, அது கொம்பியூட்டர் செய்யிற வேலை."

"அந்தச் சொல்லைக் கொம்பியூட்டருக்குச் சொல்லிக் குடுத்தது ஆர்?"

ஒரு போனை எடுத்துத் துடைத்தார். பிறகு, "பொலிஸ் பாத்தா எங்களை என்னெண்டு நினைக்கும்? சனம் நாட்டிலை துவக்குச் சூட்டுக்குப் பயந்து ஓடி வந்தது, அக்கா" என்றார்.

"ஓம், நானும் ஓடி வந்தனான். பங்கருக்குள்ளை கிடந்தனான். நீர் அப்ப எங்கை?"

"நான் இஞ்சைதான் பிறந்தனான்."

"அப்ப என்ர பயத்தை எனக்குச் சொல்லித் தராதையும்."

கடைக்கு வந்திருந்த ஒருவர் சிரித்துவிட்டார். செயலாளர் குரலைத் தணித்தார்.

"'விளையாட்டுப் போட்டியிலை வெற்றி' எண்டு போடுவம். என்ன விளையாட்டெண்டு எழுத வேண்டாம்."

"ஏன், நான் களவெடுத்தனானே?"

துப்பாக்கி என்றால் நடுங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. என் தங்கை அந்தப் பதக்கத்தைத் தொடவே மாட்டாள். அது அவள் சுதந்திரம். வாயை மூடு என்று அவள் எனக்குச் சொன்னதில்லை. இந்த நாட்டுச் சட்டம் அனுமதித்ததை, என் வீடு ஏற்றுக்கொண்டதை, நான் பெயர் சொல்லி எழுதக் கூடாதாம். இந்த அதிகாரத்தை யார் கொடுத்தது?

செய்தி வராததால் நான் செத்துவிடவில்லை. ஞாயிறு வந்தால் போகிறேன், சுடுகிறேன், சந்தோஷமாக வீடு திரும்புகிறேன். ஆனால் இன்றைக்கு என் சொல்லைத் தடுத்தவர்கள் நாளைக்கு வேறு யாருடைய சொல்லையும் தடுப்பார்கள்.

சங்கப் பொதுக்கூட்டம் வருகிறது. எந்தெந்தச் சொற்களைத் தடுத்திருக்கிறீர், யாரைக் கேட்டுத் தடுத்தீர்? கடைக்குள் நின்று என் காதுக்குள் சொல்ல வேண்டாம், தம்பி. மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் சொல்லும்.