என் மகள் சொன்ன முதல் சொல்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் 1960களிலேயே திண்டுக்கல்லில் சொந்தப் பூட்டுப் பட்டறை வைத்தேன். என் குரல் நாலு தெருவுக்குக் கேட்கும். என் மகள் வள்ளிக்கு மட்டும் கேட்காது. பிறவியிலேயே காது கேளாததால் அவளுக்குப் பேச்சும் வரவில்லை.

ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர், காசு வாங்காமல் வீட்டுக்கு வந்து அவளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார். மெழுகுவர்த்தி ஏற்றி, ‘ப’ என்று சொல்லிச் சுடரை ஆட்டிக் காட்டுவார். வள்ளி செய்தால் காற்று வரும், குரல் வராது.

ஒருநாள் பொறுக்காமல் குனிந்து, “அப்பான்னு சொல்லு தாயி!” என்று கத்தினேன். சுடர் அணைந்தது.

“செத்த நேரம் சும்மா இருங்க முதலாளி. பட்டறை ஆளுகதான் பயப்படுறாகன்னா, மெழுகுவத்தியுமா?” என்றார் டீச்சரம்மா.

மறுபடி ஏற்றினார். நானும் மறுபடி கத்தி அணைத்தேன். வள்ளி என்னை முறைத்து, வாசலைக் கைகாட்டி, “போ!” என்றாள்.

தெருவுக்கு ஓடி, எதிரே வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, “எம் மக என்னையப் போன்னு சொல்லிட்டாய்யா!” என்றேன். இன்றைக்கும் நான் பெருமையடித்துக்கொள்வதில் முதலாவது அதுதான்.