ஆறு மீட்டர் சிறுகுடல்

ஒரு மாணவிக்குக் கிடைக்கவேண்டிய உபகாரச் சம்பளத்தை நான் கெடுத்தேன். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சங்கம் நடத்திய நேர்காணலுக்கு, கொண்டையில் குரோஷே பின்னல் ஊசியைச் செருகிக்கொண்டு வந்தாள். கேள்வி கேட்டதும் ஊசியை உருவி, நூலில் ஓர் இதயத்தைப் பின்னிக்கொண்டே பதில் சொன்னாள்.

“டாக்டராகணுமா, தொப்பி பின்னணுமா?” என்றேன்.

“டாக்டராகி, செயற்கை உறுப்பு செய்யணும் அங்கிள். அதுக்குக் கை பழகணும் லா.”

கவனம் சிதறுகிறவள் என்று எழுதி நிராகரித்தேன். உண்மையில், அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்த நான்தான் எந்தப் பதிலையும் கேட்கவில்லை.

பிறகு சங்கத்தில் அதை ஒப்புக்கொண்டேன். மறு நேர்காணலில் அவளுக்குக் கிடைத்தது. கிள்ளானில் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டேன். இளஞ்சிவப்பு நூலை நீட்டினாள்.

“சிறுகுடல் ஆறு மீட்டர் வேணும் அங்கிள். நீங்க சும்மாதானே இருக்கீங்க?”

மூன்று மாதமாகப் பின்னுகிறேன். நேற்று விரலை விட்டுப் பார்த்தவள், “இதுல கஞ்சிகூட இறங்காது” என்று ஒரு மீட்டரைப் பிரித்துவிட்டாள்.