கரண்ட் வந்ததும் மாறிய முகவரி

நான் குடியிருக்கும் கரமனையில் மழைக்குக் கரண்ட் போய்விட்டு வந்தது. அதன்பிறகு சர்வர் கம்பெனி ஒன்றில் எங்கள் அலுவலகம் வாடகைக்கு எடுத்திருக்கும் விர்ச்சுவல் மெஷின் என்னை உள்ளே விடவில்லை. தினமும் வீட்டிலிருந்து லாகின் செய்கிறவள் நான். அரைமணி நேரம் இன்டர்நெட்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு, என்னோடு வேலை பார்க்கும், வலியசாலையில் குடியிருக்கும் பெண்ணைப் போனில் கூப்பிட்டேன்.

"அக்கா, நேத்து ஃபயர்வால்ல உங்க வீட்டு ஐ.பி. அட்ரஸை மட்டும் விட்டுட்டு பாக்கி எல்லாத்தையும் அடைச்சது நீங்கதானே? கரண்ட் போய் வந்தா மோடம் புதுசா ஆன் ஆகி அந்த அட்ரஸ் மாறும் கேட்டோ."

பாதுகாப்பு என்று நேற்று பீற்றிக்கொண்டதும் நான்தான். சர்வர் கம்பெனியின் வலைப்பக்கத்தில் கன்சோல் என்றொரு திரை உண்டு. ஃபயர்வால் பக்கமே போகாமல் நேராக மெஷினுக்குள் நுழையும் வழி அது. அங்கே பாஸ்வேர்டை அடித்தேன். திறந்துகொண்டது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

ஃபயர்வாலில் என் புது ஐ.பி. முகவரியைச் சேர்த்தேன். ஒருத்தி மாட்டிக்கொண்டாலும் மற்றவள் உள்ளே போகலாமே என்று அவள் வீட்டு ஐ.பி. முகவரியையும் கேட்டுச் சேர்த்துவிட்டு, இனிக் கவலையில்லை என்றேன்.

"சரி அக்கா," என்றாள். "ஆனா இங்க இப்பதான் கரண்ட் போச்சு."