ஆற்றைக் கடந்த காப்பு

எங்கள் ஊர் முத்தாரம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர்கள் ஆற்றைத் தாண்டிப் போகக் கூடாது. போனால் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனாலேயே எனக்குப் பயம் அதிகம்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். பெற்றவர்கள் போன பிறகு அம்மாதான் அவளை வளர்த்துப் படிக்க வைத்தாள். கணிதத்தில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போய் நின்ற இடத்தில் எல்லாம், டிகிரி சரி, சர்டிஃபிகேட் உண்டா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதற்காக நெட்வொர்க் பரீட்சை ஒன்றுக்குப் படித்தாள். கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் எப்படிப் பேசிக்கொள்ளுது என்கிற படிப்பு அது என்று எனக்குச் சொல்லியிருந்தாள். மாதம் முடிவதற்குள் அந்த சர்டிஃபிகேட்டோடு வந்தால் வேலை என்று சென்னையில் ஒரு கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது.

அவள் பாஸாக வேண்டும் என்று அம்மா அம்மனுக்கு முளைப்பாரி நேர்ந்துகொண்டாள். சட்டியில் தானியம் விதைத்து, இருட்டு அறையில் வளர்த்து, கொடையன்று தலையில் சுமந்து போக வேண்டும். சித்தியைக் கேட்காமலேயே அவள் பெயரைக் கொடுத்து, கோவிலில் நிறுத்தி அவள் கையில் மஞ்சள் காப்பும் கட்ட வைத்துவிட்டாள். அதற்கு மறுநாள்தான் பரீட்சைத் தேதி வந்தது. வெள்ளிக்கிழமை, பாளையங்கோட்டையில். கொடையோ அதற்கடுத்த செவ்வாய். எங்கள் ஊர் டவுனுக்கு மேற்கே. பாளையங்கோட்டை ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

"தேதிய மாத்திக் கேக்க முடியாதாட்டி?" என்றாள் அம்மா.

"கம்ப்யூட்டர் குடுத்த தேதி, அக்கா. அதுக்குக் கொடையும் தெரியாது, காப்பும் தெரியாது. இத விட்டா அடுத்த மாசந்தான்."

அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு, "அம்மன்கிட்டயே கேட்டுருவோம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பூக்கட்டிப் பார்த்தோம். வாழையிலைத் துண்டுகளில் அம்மாவே பூவை மடித்து, நாரால் கட்டி, இரண்டு பொட்டலங்களைச் சன்னிதியில் வைத்தாள். வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு அரளி வந்தால் போகக் கூடாது. எடுக்க வேண்டியது நான்.

"கண்ண மூடிக்கிட்டு எடு. பயப்படாத" என்றாள் அம்மா. ஆனால் அவள் குரல்தான் நடுங்கியது. சிவப்பு வந்தால் சித்தியின் வேலை போவது என் கையால்தான் என்று நினைத்ததும் எனக்கு விரல் மடங்கவில்லை. ஒன்றைத் தொட்டு, விட்டு, மறுபடி அதையே எடுத்தேன். உள்ளே நந்தியாவட்டை. வெள்ளை. சித்தி என்னைத் தூக்கிச் சுற்றினாள். அம்மா மற்றப் பொட்டலத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "கெளம்புங்க, பஸ் போயிரும்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அதை எரிகிற அடுப்பில் போட்டதையும் பார்த்தேன்.

சித்திக்குத் துணையாக என்னையும் அனுப்பினாள். பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது நான் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டேன்.

"ஏட்டி, ஏன் கண்ணப் பொத்துத?"

"அம்மன் பாத்துரும்."

"நீ கண்ணப் பொத்துனா அதுக்குத் தெரியாதாக்கும்" என்று சித்தி சிரித்தாள். விரலிடுக்கில் பார்த்தேன். தாவணியை இழுத்து அவள் தன் காப்பை மூடிக்கொண்டிருந்தாள்.

பரீட்சை நடக்கும் இடம் ஒரு மாடி. வாசலில் மேசை போட்டு இருந்தவர் சித்தியின் வாட்சை வாங்கினார், தோட்டை வாங்கினார். பிறகு கையைப் பார்த்தார்.

"அந்தக் கயிறையும் கழத்திருங்கம்மா."

"அண்ணாச்சி, இது காப்பு. கொடை முடியாம அவுக்கப்படாது."

"எனக்கும் ஊர்ல கொடை உண்டும்மா. நானா வேண்டாங்கேன்? உள்ள கேமரா இருக்கு. கையில கயிறு கெடந்தா பரீட்சைய நிப்பாட்டிருவாவ."

சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். மணிக்கட்டில் சோப்பைத் தேய்த்து, கட்டை விரலை உள்ளே மடக்கி, காப்பைப் பைய உருவினாள். தோல் வழன்று சிவந்தது. கழன்று வந்த கயிற்றை என் கண்முன் நீட்டினாள்.

"முடிச்சு அவுறல பாத்தியா? அவுறாத வரைக்கும் குத்தமில்ல." சொல்லிக்கொண்டே அதை என் கையில் மாட்டினாள். மணிக்கட்டில் நிற்கவில்லை. முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டாள். "நான் வார வரைக்கும் கீழ விழாமப் பாத்துக்கோ."

அவள் உள்ளே போய்விட்டாள். காப்போடு ஆற்றைத் தாண்டி வந்திருப்பது இப்போது நான்.

பெஞ்சில் கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அக்கா முறுக்கு நீட்டினாள். காப்புக் கட்டியவர்கள் வெளியில் சாப்பிடக் கூடாது என்று தலையை ஆட்டினேன். கொஞ்ச நேரத்தில் பட்டென்று கரண்ட் போயிற்று. விளக்கு அணைந்து, உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஏ.சி. சத்தமும் நின்றது. அந்த அமைதியில் யாரோ படியேறி வருவது கேட்டது. அம்மன்தான் வருகிறாள் என்று நினைத்தேன். தாயே, சித்திய விட்டுரு, காப்பு என் கையிலதான் இருக்கு, என்னைய எடுத்துக்கோ என்று வாய்க்குள் சொன்னேன். வந்தது டீக்கடைப் பையன். ஜெனரேட்டர் உறுமி விளக்கு வந்த பிறகும் காப்பின் மேல் வைத்த கையை நான் எடுக்கவில்லை.

சித்தி ஒரு தாளோடு வெளியே வந்தாள். "பாஸ்ட்டி" என்றாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கையை நீட்டி, "இத வாங்கிக்கோ" என்று அழுதேன்.

ஊர் திரும்பியபோது அம்மா கோவில் வாசலில் உட்கார்ந்திருந்தாள். குளித்த ஈரத்தோடு வந்து உட்கார்ந்தவளின் சேலை உடம்பிலேயே காய்ந்திருந்தது. நாங்கள் போனதிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்று பூசாரி சொன்னார். சித்தி தாளை நீட்டினாள். அம்மா அதை வாங்கவில்லை. முதலில் என் நெற்றியைத் தொட்டாள், கைகால்களைத் தடவினாள். பிறகு சித்தியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகலியே, ஒண்ணும் ஆகலியே" என்றாள். பாஸா என்று கேட்கவே இல்லை. அம்மாவுக்குப் பரீட்சையைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால்தான் கேட்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சித்தி முளைப்பாரி சுமந்தாள். அடுத்த மாதம் சென்னைக்குப் போனாள். தபால் வழியில் எம்.சி.ஏ. முடித்தாள், மேலே மேலே பரீட்சைகள் எழுதினாள். இன்று பெங்களூரில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். ஒவ்வொரு பரீட்சைக்கு முன்னாலும் அம்மாவுக்குப் போன் பண்ணி, "அம்மன்கிட்ட சொல்லிரு அக்கா" என்பாள். அம்மா விளக்கேற்றுவாள். பூ மட்டும் அதற்குப் பிறகு கட்டிப் பார்த்ததே இல்லை.

எனக்குப் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. கல்யாணமாகி வள்ளியூருக்கு வந்துவிட்டேன். இப்போது என் வீட்டுக் காரியங்களுக்கு நானே பூக்கட்டிப் பார்க்கிறேன். ஒரு பொட்டலம் எடுத்த பிறகு மற்றதையும் பிரித்து, இரண்டு பூவையும் அம்மன் காலடியில் வைக்க வேண்டும். அதுதான் முறை. முதல் தடவை அப்படி வைத்தபோதுதான், அன்று அடுப்பில் எரிந்த பொட்டலம் என் நினைவுக்கு வந்தது. அதிலும் நந்தியாவட்டைதான் இருந்திருக்கும்.

அன்றைக்குப் பயந்தவள் நான் ஒருத்திதான் என்று வெகுகாலம் எண்ணியிருந்தேன். அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்ற தைரியமாவது எனக்கு இருந்தது. அம்மாவுக்கு அதுவும் இல்லை.